எகிப்துக்குப் போன சுருட்டு

சலவைச் சோடாவுக்கு மணம் கிடையாது என்று சொல்பவர்கள் பிள்ளையின் நப்பித் துணி தோய்த்தவர்களாக இருக்க முடியாது. கொதிநீரில் ஒரு பிடி போட்டதும் மூக்கின் உட்புறம் சட்டென்று வறண்டுபோகும். சிட்னியில், பெண்டில் ஹில்லில் நாங்கள் இருக்கும் செங்கல் மாடித் தொகுதியில் எட்டுக் குடும்பத்துக்கும் பொதுவாகக் கீழே ஒரு சலவை அறை உண்டு. நேற்றுக் காலை அங்கே வாளிக்கு மேல் குனிந்து நின்றேன். பக்கத்தில் கூடைக்குள் பிள்ளை. விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளிறிப் போயிருந்தது. அப்போது நீ எப்போதோ சொன்னது அப்படியே காதில் விழுந்தது: "எடி, இதுதானடி ராசாக்களைக் கருவாடு போட்ட உப்பு."

நீ அதைச் சொன்ன இடம் பல்கலைக்கழக விடுதிக் குளியலறை. நாங்கள் இரண்டாம் ஆண்டு. நீ உன் வெள்ளைச் சேலையைத் தோய்த்துக்கொண்டிருந்தாய். நான் அடுத்த நாள் சோதனைக்காக மம்மி செய்யும் முறையை மனனம் செய்தபடி கதவடியில் நின்றேன். எகிப்தின் வற்றிய ஏரிகளில் அள்ளிய நேட்ரன் உப்பும் சலவைச் சோடாவும் ஏறக்குறைய ஒரே சாமான் என்று எங்கே வாசித்தாயோ தெரியாது. நாற்பது நாள் அந்த உப்பில் போட்டு வைப்பார்கள், ஈரலையும் குடலையும் சாடிகளில் பத்திரப்படுத்துவார்கள், மூளையை மட்டும் மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து எறிந்துவிடுவார்கள் என்று நான் ஒப்புவித்தேன். நீ நுரைக் கையோடு திரும்பினாய். "பின்ன என்ன? உயிரோட இருக்கேக்கையே பாவிக்காத சாமானைச் செத்த பிறகு ஏன் கட்டிக் காவுவான்?"

இதை உனக்கு எழுதத் தாமதமாகிவிட்டது. நீ போய் நான்கு வருடம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். நாலு வரிக்கு ஒரு தரம் எழும்பிப் போய், அவள் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். சிரிக்காதே. பெற்றுப் பார்த்தவளுக்குத்தான் அந்தப் பைத்தியம் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து ஒரே பண்டைய வரலாற்றைத்தான் படித்தோம். நான் அரச வம்சங்களை வரிசையாகப் பாடமாக்கினேன். நீ அந்த அரசர்களைப் பற்றி ஊர்ச் சண்டியர்களைப் பற்றிக் கதைப்பது போலக் கதைத்தாய். இரண்டாம் ராம்சேஸ் என்றால் உனக்கு ஆகவே ஆகாது. கடேஷ் போரில் வடக்கேயிருந்த ஹிட்டைற்றுகளின் படையிடம் வகையாக மாட்டுப்பட்டு, அரும்பொட்டில் உயிர் தப்பி வந்து, தனியொருவனாக நின்று படையை வென்றேன் என்று கோயிலுக்குக் கோயில் சுவரில் வெட்டுவித்தவன். பிறகு அதே ஹிட்டைற்றுகளோடு சமாதானம் எழுதி, அவர்கள் வீட்டில் பெண்ணும் எடுத்தவன். "சுவரும் அவன்ர, உளியும் அவன்ர. பிறகு தோல்வி எங்காலை வரும்?" என்பாய். அவனுக்கு முந்தியவர்கள் வைத்த சிலைகளில் அவர்களுடைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை வெட்டினான். அடுத்தவன் வந்து தனக்கும் அதையே செய்துவிடுவான் என்ற பயத்தில் ஆழமாக, மிக ஆழமாக வெட்டினான். "பாரடி, களவெடுத்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போடுறான் எண்டு."

இப்போது உலகம் முழுக்கப் பாரோப் பைத்தியம் பிடித்து ஆடுகிறது. அந்தச் சின்ன ராசாவின் பொன் முகமூடியைப் பார்க்கச் சனம் நகரம் நகரமாக வரிசையில் நிற்கிறதாம். இங்கே பேப்பரில் படம் வராத கிழமையில்லை. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகச் சுளிப்புத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. செத்த பிறகும் எங்காவது வயல் வேலை செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, தங்களுக்குப் பதிலாக எழும்பிப் போய் வேலை செய்ய நூற்றுக்கணக்கில் மண்பொம்மைகளைப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு படுத்த சோம்பேறிகள். அவர்களைப் போய் நாகரிகத்தின் தந்தையர் என்கிறார்கள்.

உனக்குப் பிடித்தது அந்தக் கல்லறைகளை வெட்டியவர்களை. ஆற்றுக்கு மேற்கே, பாலைவனத்து ஓரத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்த கூலிக்காரர்கள். யார் யார் என்றைக்கு வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று சுண்ணாம்புக் கல்லில் எழுதி வைத்த பதிவு ஒன்று கிடைத்திருக்கிறது என்று நூலகத்திலிருந்து ஓடி வந்து சொன்னாய். ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் வீட்டில் பியர் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். ஒருவன் செத்துப்போன தாயைத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறான். பின்னொரு காலத்தில் கூலித் தானியம் வராமல் போக, அதே ஊர்க்காரர்கள் சாமான்களைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டார்கள், பசிக்கிறது என்று. பாரோவுக்கே பசியைச் சொன்ன ஆட்கள். "இதுதானடி எகிப்து. மற்றதெல்லாம் சுவர்" என்றாய்.

மூன்று மாதம் நூலகத்தில் கிடந்து அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாய், நல்ல தமிழில், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலருக்கென்று. உன் கையெழுத்தை உன்னாலேயே வாசிக்க முடியாது. படியெடுப்பது என் வேலை. அந்தக் கிழமைதான் என் பெரியப்பா செத்தார். எட்டாம் நாள் படைக்கும் எட்டுச்செலவுக்கு ஊருக்குப் போனேன். அவருக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் படைத்தார்கள்: ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த மீன், ஒரு போத்தல் கள்ளு, பக்கத்தில் ஒரு கட்டுச் சுருட்டு. படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று காத்திருந்தோம். திரும்பி வரும் மெயில் ரெயிலில் மடியில் பலகையை வைத்துக்கொண்டு உன் கட்டுரையைப் படியெடுத்தேன். அந்தக் கூலிக்காரர்கள் தங்கள் செத்தவர்களுக்கு வைத்த படையலின் பட்டியல் வந்தது. ரொட்டி, பியர், வாத்து, வெங்காயம் என்று நீ எழுதியிருந்தாய். நித்திரை மயக்கத்தில் என் கை ரொட்டி, பியர், வாத்து, வெங்காயம், சுருட்டு என்று எழுதிவிட்டது.

அந்தப் பிரதியைக் கொண்டுபோய் எங்களுக்கு எகிப்து படிப்பித்த விரிவுரையாளரிடம் கொடுத்தேன். மலருக்குப் பொறுப்பு அவர்தான். "மேல பேர் எழுதாமல் விடும் பிள்ளை. எல்லாரின்ர பேரும் ஒரே மாதிரி வரவேணும். நான் போடுறன்" என்றார். சரி சேர் என்றேன். அந்தச் "சரி சேர்" என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

பிறகு, நான் கார்பன் வைத்து எடுத்த மற்றப் பிரதியைப் பார்த்துவிட்டு நீ கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாய். "எடி விசரி, புகையிலை அமெரிக்காச் சாமானடி! பெரியப்பாவை நேரா எகிப்துக்கே அனுப்பிப்போட்டாய்!" அச்சுப் பிழை பார்க்கும்போது திருத்தலாம் என்றிருந்தோம். பிழை பார்க்கும் தாள் எங்களிடம் வரவேயில்லை. மலர்தான் வந்தது. தேள் இருந்தது, பியர் இருந்தது, பெரியப்பாவின் சுருட்டும் இருந்தது. மேலே சேரின் பெயர் இருந்தது, பட்டங்களோடு.

நீ கோபத்தில் கத்துவாய் என்று நினைத்தேன். மலரை மடியில் விரித்து, படையல் பட்டியலில் விரலை வைத்து, "சுருட்டையும் சேர்த்தெல்லோ களவெடுத்திருக்கிறார்" என்றாய். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவருடைய அறைக்குப் போக எழும்பினாய். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். இறுதிச் சோதனைத் தாள் திருத்துவது அவர்தான், எனக்கும் சேர்த்து என்றேன். சோதனை முடியட்டும், பிறகு போகலாம் என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். ராம்சேஸைப் பற்றிக் கதைக்கும்போது உன் முகத்தில் வரும் அந்தச் சுளிப்பு ஒரு கணம் வந்து போனது. பிறகு செருப்பைக் கழற்றினாய்.

சோதனை முடிந்தது. நாங்கள் போகவில்லை. எனக்கு நல்ல வகுப்புக் கிடைத்தது. நல்ல வகுப்பை வைத்து நல்ல மாப்பிள்ளை பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து மூளைக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் நீ போனாய். உன் தங்கை எழுதிய நீலக் கடிதம் சிட்னிக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியே முடிந்துவிட்டது.

இங்கே எங்கள் சனம் கொஞ்சம். எங்களுக்கு ரெலிபோன் இல்லை, கார் இல்லை. எல்லாவற்றுக்கும் பக்கத்துக் கிரவீனில் இருக்கும் ஒரு தமிழ் அக்காதான். அவர்கள் வீட்டில் காரும் உண்டு, புதுக் கலர் டீவியும் உண்டு. எனக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்ட விடியற்காலை இவர் தெருமுனை ரெலிபோன் பெட்டிக்கு ஓடிப்போய்க் கூப்பிட, இரவு போட்டிருந்த சோட்டியைக்கூட மாற்றாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தவ அந்த அக்கா. பிள்ளையைக் குளிப்பாட்டக் காட்டித் தந்ததும், தடிமன் வந்தால் டொக்டரிடம் கூட்டிப் போவதும் அவதான். பிள்ளை ஒரு தரம் கூடுதலாக இருமினாலே எனக்குக் கை கால் ஓடாது. அக்கா வந்து நின்றால்தான் எனக்கு மூச்சு வரும். இந்த ஊரில் எனக்கிருந்த ஒரேயொரு வாசல் அது.

அந்த அக்காவின் கூடப்பிறந்த தமையன்தான் எங்கள் சேர். இது எனக்கு முதலில் தெரியாது. "என்ர அண்ணை லண்டன் போக முதல் என்னைப் பார்க்க இஞ்ச வாறார். எகிப்தைப் பற்றிப் பேசப் போறார், படங்கள் போட்டு. நீர் வரலாறு படிச்சனீர்தானே, முன் வரிசையில இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு அவ பெயரைச் சொன்னபோது, கையிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன். அவள் வீரிட்டாள்.

பரமட்டாவில் ஒரு சேர்ச் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாற்பது பேர் அளவில் வந்திருந்தோம். வடைத் தட்டு ஒரு பக்கம், தேநீர்க் கொதிகலன் ஒரு பக்கம், சுவரில் வெள்ளைத் துணி. கோட்டுப் போட்ட கனவான்கள் கைகட்டி இருந்தார்கள். கந்தோர்களில் வெள்ளைக்காரர் யாருக்கும் எங்கள் பெயரையே ஒழுங்காகச் சொல்ல வராத நாட்டில், எங்களுக்கும் ஒரு பேரறிஞர் இருக்கிறார் என்று காட்டக் கிடைத்த மாலை. சேர் தடித்திருந்தார். குரல் மட்டும் அதே குரல்.

பிரமிட் வந்தது, பொன் முகமூடி வந்தது. பிறகு அவர் கடதாசியை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். "தேள் கொட்டியவனும் வேலைக்கு வரவில்லை, தாயை இழந்தவனும் வரவில்லை. இரண்டு வலியையும் ஒரே கல்லில் எழுதினார்கள்." உன் வசனம். நான் படியெடுத்த வசனம். பக்கத்தில் இவர் பிள்ளைக்குப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். உன் வசனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில இடத்தில் அவர் நிறுத்தித் தொண்டையைச் செருமினார், தானே யோசித்துச் சொல்வது போல. அந்தச் செருமலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிறகு படையல் வந்தது. ரொட்டி, பியர், வாத்து, வெங்காயம், சுருட்டு. நாற்பது தலையும் ஆடியது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இத்தனை டொக்டர், எஞ்சினியர், கணக்காளர்! சொல்லுகிறவர் கோட்டுப் போட்டிருந்தால் பாரோ பஸ்ஸில் போனான் என்றாலும் தலையாட்டுவார்கள்.

அடுத்த படம் ஒரு கல் வண்டு. செத்தவனின் நெஞ்சுக்கு மேல் வைப்பது. மறு உலகத்தில் இதயத்தைத் தராசில் வைத்து நிறுக்கும்போது, அது தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாதென்று அந்த வண்டில் மந்திரம் எழுதுவார்கள் என்று விளக்கினார். சொந்த நெஞ்சுக்கே வாய்ப்பூட்டு. எவ்வளவு மலிவான ஆட்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அடுத்த கணம், எனக்கும் மேடையில் நிற்கும் மனிதருக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி வந்தது. பேசினால் அக்கா இல்லை. பேசாவிட்டால் அந்த வண்டு என் நெஞ்சில்.

கேள்வி நேரம் வந்ததும் எழும்பினேன். இவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "இரும், இரும். பிள்ளை எழும்பப் போறாள்."

"சேர், ஒரு சந்தேகம்."

"கேளும் தங்கச்சி. உம்மை எங்கயோ கண்டிருக்கிறன்."

"உங்களிட்டைப் படிச்சனான், சேர். அந்தக் கூலிக்காரரின்ர படையலில சுருட்டு இருந்தது எண்டு சொன்னீங்கள். எகிப்துக்குப் புகையிலை எங்கயிருந்து வந்தது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. எகிப்துக்குத் தெற்கில நூபியா எண்டொரு நாடு. பொன், யானைத் தந்தம், சிறுத்தைத் தோல் எல்லாம் அங்கயிருந்துதான் வந்தது. புகையிலையும் அந்த வழியாத்தான்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அப்ப யாழ்ப்பாணச் சுருட்டுக்குப் பூட்டன் நூபியாவில எண்டுறியள்!" என்றார். மண்டபம் சிரித்தது. சேரும் பெருந்தன்மையோடு சிரித்தார். பாவம் நூபியா. பாரோக்கள் அதன் பொன்னை அள்ளினார்கள், ஆட்களைப் பிடித்தார்கள். மிச்சமிருந்த தலையில் சேர் ஒரு பொய்யையும் ஏற்றிவிட்டார்.

"புகையிலை அமெரிக்காவில இருந்து வந்தது, சேர். கொலம்பஸுக்குப் பிறகு. அந்தச் சுருட்டு என்ர பெரியப்பாவின்ர எட்டுச்செலவில வைச்சது. படியெடுக்கேக்க நித்திரைத் தூக்கத்தில நான் விட்ட பிழை. அதை நீங்கள் இவ்வளவு காலமா வாசிச்சுக்கொண்டு திரியிறியள். ஏனெண்டால் கட்டுரை உங்கட இல்லை." பிறகு உன் பெயரைச் சொன்னேன்.

சேர் என்னைப் பார்க்கவில்லை, சபையைப் பார்த்தார். "பிள்ளை பெத்த பச்சை உடம்புக்காரி. நித்திரை இல்லாட்டி இப்பிடித்தான்" என்றார் மெதுவாக, பரிவோடு. சிலர் சிரித்தார்கள். சிலர் வடைத் தட்டைப் பார்த்தார்கள். அக்கா எழும்பி வந்தா. முகம் சிவந்திருந்தது. "உமக்கு நான் என்ன குறை வைச்சனான்? என்ர அண்ணையை இத்தனை சனத்துக்கு முன்னால..." அவவைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது. அவ ஒரு பிழையும் செய்யாதவ.

பரமட்டா ஸ்டேஷன் மேடையில் இவர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். "அக்காவை இனிக் கூப்பிடேலாது. தெரியும்தானே?"

"தெரியும்."

ரெயில் வந்தது. ஏறி இருந்த பிறகு, "அந்தாள் நூபியா எண்டு சொல்லேக்க நான் நம்பினனான்" என்றார்.

"கோட்டுக்காரன் சொன்னா நீங்கள் எதைத்தான் நம்பமாட்டியள்?" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. குழந்தைகள் சுகாதார நிலையத்துக்கு வேறு யாரையாவது கூட்டி வரும்போது என்னைக் கண்டால் நிறை பார்க்கும் மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறா. போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு மழையில் டொக்டரிடம் நடந்தேன். வழியில் மூன்று தரம் நின்று, பிளாஸ்ரிக் மறைப்பைத் தூக்கி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நாலாம் தரம் தொடப் பயமாக இருந்தது. காதில் கிருமி என்று சொல்லி மருந்து தந்தார் டொக்டர். திரும்பி வரும்போது என் சேலையில் முழங்கால் வரை சேறு.

நான் பேசி ஒன்றும் நேராகவில்லை. சேர் மெல்பனிலும் அதே பேச்சைப் பேசினாராம். அங்கிருந்து இவருடைய சிநேகிதர் எழுதியிருக்கிறார், அருமையான பேச்சு, தேள் கடித்தவனின் கதையில் கண் கலங்கியது என்று. படையல் பட்டியலும் எழுதியிருந்தார். ரொட்டி, பியர், வாத்து, வெங்காயம். அவ்வளவுதான். அச்சுத் தாளில் நீ செய்ய நினைத்த திருத்தத்தைக் கடைசியில் அவரே செய்துகொண்டார். இனி அந்தக் கட்டுரையில் ஒரு பிழையும் இல்லை. முழுக்க முழுக்க அவருடையதாகிவிட்டது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். கேட்க மாட்டேன். செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அவர்கள் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். உன் சுளிப்பு எனக்கு வேண்டும். அது எனக்கு வரவேண்டியது.

நான் இன்னும் பயந்தவள்தான். அன்று முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன். புகையிலை என்றபோது குரல் நடுங்கியது, கொலம்பஸ் என்றபோது இன்னும் நடுங்கியது. உன் பெயரைச் சொன்னபோது மட்டும் நடுங்கவில்லை. முழுப் பெயரையும் சொன்னேன், தகப்பன் பெயரோடு, வகுப்பில் வரவு கூப்பிடுவது போல. யாரும் பதில் சொல்லவில்லை. சேர் வாயைத் திறக்கும் வரை, நான் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றேன்.